பாட்டுக்கு மேலே எழுதிய ஒரு வரி

1958இல் தேவிகுளம் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. கம்பம் பள்ளத்தாக்கிற்கு மேற்கே நிற்கிற மலையின் அந்தப் பக்கம், தேயிலைத் தோட்டத்து லயங்களுக்கு நடுவே, ஆர்மோனியப் பெட்டியோடு போய் இறங்கினார் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன். கேரளத்தின் முதல் கம்யூனிஸ்ட் அரசுக்கு அந்தத் தொகுதி மானப் பிரச்சினை. ஓட்டுப் போடப் போகிறவர்களில் ஏராளமானோர் தமிழ்த் தொழிலாளர்கள். கொள்கையை விளக்கிப் பேசக் கட்சியில் ஆட்கள் இருந்தார்கள். பாவலர் பாடினார். காங்கிரசின் அன்றைய சின்னமான இரட்டைக் காளையைக் கேலி செய்து அவர் கட்டிய பாட்டு எஸ்டேட் எஸ்டேட்டாகப் பரவியது. கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். அந்த வெற்றியில் பாவலருக்குப் பங்கு உண்டென்று முதலமைச்சர் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் பாராட்டினார் என்று எங்கள் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள்.

அந்தப் பிரச்சார மேடைகளில் மெட்டு பெரும்பாலும் பாவலருடையது கிடையாது. சனங்கள் ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்த சினிமா மெட்டு, வயக்காட்டுத் தெம்மாங்கு, கும்மி, ஒப்பாரி ஆகியவற்றை எடுத்துக்கொள்வார். சொல் மட்டும் அவருடையது. பதினான்கு வயதுவாக்கில் அந்தக் குழுவில் சேர்ந்து, அண்ணனோடு ஊர் ஊராகப் போய் வாசித்த தம்பிதான் இளையராஜா. இன்று தமிழ்நாட்டில் மெட்டின் உரிமை பற்றி யார் வாயைத் திறந்தாலும் முதலில் வருகிற பெயர் அவருடையது. மெட்டை எடுத்தாள்கிற கலை, எடுத்தாள்பவரிடம் கணக்குக் கேட்கிற குரல் இரண்டும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை. இவற்றுக்குள் முரண் இருப்பதாகப் பலர் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எடுத்தாளுதலும் ஒரு கலைதான், அதற்கும் நல்லது கெட்டது உண்டு, அதற்கென்று ஒரு ஒழுங்கும் நம்மிடம் இருந்தது. அந்த ஒழுங்கைச் சட்டம் இன்னும் முழுதாகக் காதுகொடுத்துக் கேட்கவில்லை என்பதே என் குறை.

முதலில் கலையைப் பார்ப்போம். தெரிந்த மெட்டுக்குப் புதுச் சொல் போடுவது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை முயன்று பார்க்க வேண்டும். மெட்டு எங்கே நீளுகிறதோ அங்கே நெடில் விழ வேண்டும். தாளம் தட்டுகிற இடத்தில் வல்லினம் இருந்தால் சொல் நிற்கும். குழைகிற இடத்தில் மெல்லினம் வேண்டும். மூலப்பாட்டில் எதுகை எங்கே வந்ததோ, அங்கேயே புதுப்பாட்டிலும் வந்தாக வேண்டும். கேட்பவரின் காது அந்த இடத்தில் காத்துக்கொண்டிருக்கும். இதையெல்லாம் சரியாகச் செய்த பிறகும் அது வெறும் சந்தக் கணக்குத்தான். பாவலரைப் போன்ற ஒருவரின் கை தெரிவது அதற்கு மேலே. கேட்பவர் மனதில் பழைய சொல் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதுச் சொல் வந்து அதன் இடத்தில் உட்காருகிறது. காதலியை வர்ணித்த இடத்தில் காளை வந்து நிற்கிறது. கூட்டம் சிரிப்பது அந்த நொடியில்தான். ஒரே நேரத்தில் இரண்டு பாட்டு கேட்கிறது, இரண்டும் ஒன்றையொன்று கிள்ளுகிறது. மூலம் தெரியாதவருக்குப் பாதிச் சுவைதான் கிடைக்கும்.

ஆகவே மூலத்தை மறைக்கிற எண்ணமே அந்த மரபில் எழ வழியில்லை. பழைய பாட்டுப் புத்தகங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குஜிலிக்கடைச் சிறு பிரசுரம், கோயில் சிந்து, கட்சி மாநாட்டில் விற்கிற மெல்லிய புத்தகம் எதுவானாலும், பாட்டுக்கு மேலே ஒரு வரி அச்சாகியிருக்கும்: இன்ன பாட்டின் வர்ணமெட்டு. அந்த ஒரு வரி மூன்று வேலை செய்தது. எப்படிப் பாடுவது என்று சொன்னது. யாரிடமிருந்து எடுத்தது என்று ஒப்புக்கொண்டது. மூலத்தை மனதில் வைத்துக் கேள் என்றும் சொன்னது. சட்டப் புத்தகத்தைப் பார்க்காத அச்சகக்காரர்கள் தாமாகவே கடைப்பிடித்த நாகரிகம் அது.

கர்நாடக இசையில் இதன் இன்னொரு வடிவம் இருக்கிறது. கீர்த்தனையின் கடைசியில் இயற்றியவரின் முத்திரை வரும். பாடகர் சங்கதி சேர்க்கலாம், நிரவல் செய்யலாம், கற்பனாஸ்வரம் பாடி அரை மணி நேரம் நீட்டலாம். அத்தனைக்கும் பிறகு முத்திரை வந்தே தீரும், இது யாருடையது என்று சபைக்குத் தெரிந்தே தீரும். சுதந்திரத்தையும் பெயரையும் ஒரே பாட்டுக்குள் கட்டிவைத்த ஏற்பாடு இது. இதைவிட அழகான காப்புரிமைப் பத்திரத்தை நான் பார்த்ததில்லை.

சுருளிப்பட்டி, கே.கே.பட்டி போன்ற எங்கள் ஊர்களில் திருவிழா நடக்கும்போது நையாண்டி மேளத்தின் பக்கத்தில் நின்று கேட்டால் இந்தக் கலையின் இன்னொரு பக்கம் புரியும். நாதஸ்வரம், தவில், பம்பை, உறுமி, தாளம். கரகம் வைத்து ஆடுகிறவர் முன்னால் நிற்கிறார். வாசிக்கப்படுவது சினிமாப் பாட்டு, அதிலும் பெரும்பாலும் ராஜாவின் பாட்டு. படத்தில் இருபது வயலின்கள் சேர்ந்து வாசித்த இடையிசையை ஒற்றை நாதஸ்வரம் என்ன செய்யும்? நல்ல கலைஞர் அந்த வயலின் வரிசையில் எது மெட்டின் எலும்போ அதை மட்டும் பொறுக்கி, ஒரே மூச்சில் ஊதிவிடுகிறார். அதற்குப் பதில் சொல்லும் புல்லாங்குழல் வரியைத் தவிலுக்குத் தள்ளிவிடுகிறார். தவில்காரர் ஸ்வரம் இல்லாமலே அதைச் சொல்கிறார். ஆடுகிறவர் சுற்றி முடிக்கும்வரை பல்லவி திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் முடிப்பில் சின்னதாக ஒரு வித்தியாசம், உறுமியின் இழுப்பில் கொஞ்சம் கூடுதல் கனம். நாலரை நிமிடப் பாட்டு கால் மணி நேரம் போகிறது, ஒருவருக்கும் சலிப்பதில்லை. கிராமத்திலிருந்து சென்னைக்குப் போய், நோட்டில் ஏறி, ஆர்கெஸ்ட்ராவாகி, ரேடியோ வழியாக வந்த மெட்டு மறுபடி கிராமத்துக் கைக்கு வரும்போது என்ன ஆகிறது என்பதைக் காதால் பார்க்க முடிகிற இடம் அது.

இதற்கு அனுமதி வாங்க வேண்டுமா? வேண்டாம். 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, உண்மையான மதச் சடங்கில் பாட்டை நிகழ்த்துவதை மீறலாகக் கருதுவதில்லை. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் அதில் அடக்கம் என்று சட்டமே விளக்கம் சொல்கிறது. இந்த நாட்டில் பாட்டு எங்கே உயிரோடு இருக்கிறது என்று தெரிந்த யாரோ ஒருவர் எழுதிய பிரிவு என்று நினைத்துக்கொள்வேன்.

இளையராஜாவிடம் வருவோம். எடுத்தாளுகிற கலையில் அவருக்கு இணையாக நம் காலத்தில் ஒருவரைச் சொல்ல என்னால் முடியவில்லை. 1985இல் வந்த சிந்து பைரவியில் 'பாடறியேன் படிப்பறியேன்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கர்நாடக சபையில் ஒரு பெண் எழுந்து, படிப்பறியாத கிராமத்துக் குரலில் ஆரம்பிக்கிறாள். நாட்டுப்புறப் பாட்டு என்று சபை அலட்சியமாகக் கேட்கிறது. பாட்டு வளர்கிறது, ஸ்வரமாகிறது, கடைசியில் தியாகராஜரின் 'மரி மரி நின்னே' கீர்த்தனையில் போய் நிற்கிறது. எங்கே தெம்மாங்கு முடிந்தது, எங்கே கீர்த்தனை ஆரம்பித்தது என்று கோடு போட முடியாது. அந்தக் கோடு இல்லை என்பதை வாதமாகப் பேசாமல் பாட்டாகவே செய்து காட்டிவிட்டார். சொல் எழுதிய வைரமுத்துவும் இதே தேனி மாவட்டத்துக்காரர். சித்ராவுக்கு இந்தப் பாட்டுக்காகத் தேசிய விருது கிடைத்தது, ராஜாவுக்கு அந்தப் படத்தின் இசைக்காக.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அந்தக் கீர்த்தனை காம்போதி ராகத்தில் பாடப்பட்டு வருவது. ராஜா அதைச் சாரமதிக்கு மாற்றினார். தெம்மாங்கின் சாயலும் கீர்த்தனையின் கம்பீரமும் ஒரே ராகத்தில் வந்தால்தான் அந்த இணைப்பு நடக்கும். சாரமதி இறங்கி வருகிற வழியில் ஒரு ஏக்கம் இருக்கிறது, கிராமத்துக் குரல் அதில் இயல்பாக உட்காருகிறது. சம்பிரதாயம் அறிந்தவர்களில் சிலர் முகம் சுளித்தார்கள். தியாகராஜர் 1847இல் மறைந்தவர், யாரும் நோட்டீஸ் அனுப்ப வழியில்லை. அனுப்ப வழியிருந்து, அந்த நோட்டீசுக்குப் பயந்து ராஜா ராகத்தை மாற்றாமல் விட்டிருந்தால் தமிழ்ப் பாட்டு என்ன இழந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஆசிரியரின் மானமும் அடுத்த கலைஞனின் சுதந்திரமும் நேருக்கு நேர் முட்டிக்கொள்கிற இடம் இது. எனக்கு இதில் சந்தேகம் இல்லை: மாற்றியது சரி. ஏனென்றால் மாற்றத்துக்குக் காரணம் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது, யாருடைய கீர்த்தனை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

1986இல் வந்த 'ஹௌ டு நேம் இட்' தொகுப்பைத் தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் சமர்ப்பணம் செய்தார். அதில் பாக்கைத் தன் வீட்டில் சந்தித்ததாகத் தலைப்பு வைத்த பாட்டில், அந்த ஜெர்மானியர் தனி வயலினுக்கு எழுதிய ஈ மேஜர் பார்ட்டிட்டாவின் முகப்பு ஓடுகிறது. அதன்மேல் வி.எஸ். நரசிம்மனின் வயலின் நம் கமகத்தோடு பேசுகிறது. எடுத்தவற்றைப் பட்டவர்த்தனமாகத் தலைப்பிலேயே சொல்லிவிட்டார். வர்ணமெட்டு என்று மேலே எழுதுகிற அதே பழக்கம்தான் இது.

அவரிடமிருந்தும் உலகம் எடுத்தது. ஸ்ரீராகவேந்திரர் படத்தின் 'உனக்கும் எனக்கும்' பாட்டின் துண்டை அமெரிக்கக் குழுவான பிளாக் ஐட் பீஸ் 2003இல் எடுத்தாண்டது. ஈழத்துத் தமிழ்க் குடும்பத்தில் வந்த எம்.ஐ.ஏ. 2007இல் வெளியிட்ட 'பாம்பூ பாங்கா'வில் தளபதியின் 'காட்டுக்குயிலு' இருக்கிறது. இரண்டையும் கேட்டிருக்கிறேன். எனக்கு எம்.ஐ.ஏ. செய்தது மேல். நண்பர்கள் இருவர் பொங்கலுக்குக் கூடி ஆடுகிற பாட்டின் துடிப்பை மட்டும் பிய்த்தெடுத்து, எல்லையில் நின்று கதவைத் தட்டுகிற அகதியின் மிடுக்காக அதை மாற்றிவிட்டார். மூலத்தை அறிந்த தமிழ்க் காதுக்கு அங்கே இரண்டு பாட்டு கேட்கும்.

நம்மூர் சினிமாவுக்குத் திரும்பினால், 2003இல் குறும்பு படத்தில் யுவன் சங்கர் ராஜா தன் அப்பாவின் 'ஆசை நூறு வகை'யைப் புதுத் தாளத்தில் போட்டார். ரீமிக்ஸ் என்ற பெயரோடு தமிழ்த் திரையில் முதலில் வந்தவற்றில் அது ஒன்று. பிறகு அலை அடித்தது. பழைய பாட்டின் கீழே தாளப் பெட்டியை வைத்து, வேகத்தைக் கூட்டி, நடுவில் ஆங்கிலத்தில் நாலு வரி பேசவிட்டால் ரீமிக்ஸ் என்று ஆனது. அந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவை இன்று ஒருவர் நினைவிலும் இல்லை. மூலங்கள் அப்படியே இருக்கின்றன.

ஆனால் 2024இல் மஞ்ஞும்மல் பாய்ஸ் செய்ததை அந்தக் கூட்டத்தில் சேர்க்க மாட்டேன். அது எடுத்தாண்டது, 1991இல் குணா படத்தில் வாலி எழுதி, ராஜா இசையமைத்து, கமல்ஹாசனும் ஜானகியும் பாடிய பாட்டை. கொடைக்கானல் குகைக்குள் மனம் பிறழ்ந்த ஒருவன் சொல்லச் சொல்ல, அவன் காதலியே அவனுடைய கடிதத்தை எழுதுகிற இடம். அந்தப் படத்தால்தான் குகைக்கே குணா குகை என்று பேர் வந்தது. 2006இல் அங்கே விழுந்த நண்பனைக் காப்பாற்றிய கேரளத்து இளைஞர்களின் உண்மைக் கதையை இயக்குநர் சிதம்பரம் படமாக எடுத்தார். நண்பன் மேலே வருகிற கட்டத்தில் அதே ஒலிப்பதிவு ஒலிக்கிறது. ஒரு ஸ்வரம் மாறவில்லை, ஒரு சொல் மாறவில்லை. ஆணும் பெண்ணும் என்பது நண்பனும் நண்பனும் ஆகிவிட்டது. மனிதக் காதலைத் தாண்டியது என்று பாட்டு எதைச் சொன்னதோ, அது இப்போது கண்முன் நடக்கிறது. முப்பத்துமூன்று வருடம் நாம் கேட்டுவந்த பாட்டுக்குள் இந்த அர்த்தமும் இருந்திருக்கிறது, ஒரு மலையாளப் படம் வந்து அதைத் திறந்து காட்டியது. எடுத்தாளுதலின் உச்சம் என்று நான் நினைப்பது இதைத்தான்.

அந்தப் படத்துக்கும் ராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது. ஒலிப்பதிவு உரிமை வைத்திருப்பவர்களிடம் அனுமதி பெற்றதாகத் தயாரிப்பாளர்கள் சொன்னார்கள். 2025இல் குட் பேட் அக்லி படத்தில் அவருடைய மூன்று பாட்டுகள் வந்ததற்கு வழக்குத் தொடர்ந்தார். சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்த மூன்றில் ஒன்று நாட்டுப்புறப்பாட்டு படத்தின் 'ஒத்த ரூபாயும் தாரேன்'. குட் பேட் அக்லியில் பழைய பாட்டு வருவது பாட்டுக்காக இல்லை, திரையரங்கில் விசில் கிளம்புவதற்காக. நினைவைத் தட்டி எழுப்பி அதன் சூட்டில் தன் காட்சியை ஓட்டிக்கொள்கிறது. எனக்கு இதில் கலை தென்படவில்லை. கோடிகளில் எடுக்கிற படம் இன்னொருவரின் உழைப்பை இப்படிப் பயன்படுத்தினால் அவரைக் கேட்க வேண்டும், காசும் கொடுக்க வேண்டும். அதற்காக ராஜாவைப் பேராசைக்காரர் என்று ஏசுவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

ஏன் அவர் இவ்வளவு பிடிவாதமாக நிற்கிறார் என்பது சட்டத்தின் வரலாறு தெரிந்தால் விளங்கும். ராஜாவின் முதல் படமான அன்னக்கிளி 1976இல் வந்தது. அடுத்த வருடம், 1977இல், உச்சநீதிமன்றம் இந்திய நிகழ்த்துரிமைச் சங்கத்துக்கும் படத் தயாரிப்பாளர்களுக்கும் நடந்த வழக்கில் தீர்ப்பு சொன்னது. காசு கொடுத்துப் படத்துக்கு இசையமைக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, தயாரிப்பாளரே முதல் உரிமையாளர். ராஜா தன் மிகச் சிறந்த வருடங்கள் முழுவதையும் இந்தத் தீர்ப்பின் நிழலில்தான் வாழ்ந்தார். வருடத்துக்கு நாற்பது, ஐம்பது படம். கேசட் வந்தது, கேசட் விற்றவர்கள் வளர்ந்தார்கள். செல்போன் ரிங்டோன் வந்தது, யூடியூப் வந்தது, ரீல்ஸ் வந்தது. ஒப்பந்தம் எழுதியபோது பிறந்திராத இத்தனை வழிகளில் பாட்டு காசு பார்த்தது. பாட்டைப் போட்டவருக்கு அதில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதே கேள்வி.

அந்த 1977 தீர்ப்பில் ஒரு பின்குறிப்பு உண்டு. நம் நாட்டில் பாடகரும் சேர்ந்துதான் இசையை உண்டாக்குகிறார், ஆனால் சட்டம் அவரைக் கண்டுகொள்வதே இல்லை என்று வருந்தி எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். 1957இல் அமைந்த ஈ.எம்.எஸ். அரசில் சட்ட அமைச்சராக இருந்தவர் அவர். எந்த அரசுக்காகப் பாவலர் மலையேறிப் போய்ப் பாடினாரோ அந்த அரசு. அவர் அதை எழுதியபோது சட்டத்தின் கண்ணில் இசை என்றால் எழுத்தாகவோ குறியீடாகவோ காகிதத்தில் இறக்கியது மட்டுமே. அந்த வரையறை 1994 திருத்தத்தில்தான் மாறியது. அதுவரை பள்ளத்தாக்கில் நடவு நட்டவர்கள் பாடியது எதுவும் சட்டப்படி இசையே கிடையாது. அதைக் காதில் வாங்கி, மேற்கத்திய நோட்டேஷனில் எழுதிய நொடியில் அது இசை ஆயிற்று. எழுதத் தெரிந்தவர் ராஜா. எழுதாமல் பாடியவர்களின் பேர்கள் போய்விட்டன.

பாடகருக்கு நிகழ்த்துநர் உரிமையும் அதே 1994இல்தான் கிடைத்தது. ஆனாலும் 2017 மார்ச்சில் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் அமெரிக்காவில் கச்சேரிப் பயணம் போயிருந்தபோது, ராஜாவின் பாட்டுகளை அனுமதியின்றிப் பாடக்கூடாது என்று நோட்டீஸ் வந்தது. டிக்கெட் விற்று நடத்துகிற கச்சேரியில் இசையமைப்பாளருக்கும் பங்கு வேண்டும் என்பது நியாயம். அந்தப் பங்கைக் கொடுக்க வேண்டியவர் கச்சேரியை நடத்துகிறவர். ஆனால் அந்தப் பாட்டுகளில் பாதி உயிர் பாலுவின் மூச்சில் இருக்கிறது. ஒரு சிரிப்பு, ஒரு இடைமூச்சு, ஒரு சொல்லைப் பாதியில் மெலிதாக்குவது, இவை எதுவும் எந்த நோட்டிலும் ஏறாது. கிருஷ்ணய்யர் நாற்பது வருடம் முன்பு வருந்தியது இதற்காகத்தான். 2019இல் இருவரும் மறுபடி ஒரே மேடையில் நின்றார்கள். அடுத்த வருடம் பாலு போய்விட்டார்.

2012 திருத்தம் கொஞ்சம் நியாயம் செய்தது. திரையரங்குக்கு வெளியே பாட்டு சம்பாதிப்பதில் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சம பங்கு, அதை எழுதிக் கொடுத்துவிடவே முடியாது என்றது. 57ஆவது பிரிவு, உரிமையை விற்ற பிறகும் தன் பேரைக் கோரவும், தன் மதிப்பைக் கெடுக்கும் சிதைவைத் தடுக்கவும் படைப்பாளிக்கு அதிகாரம் தருகிறது. 2019இல் சென்னை உயர்நீதிமன்றம் ராஜாவின் இந்தச் சிறப்புரிமையை ஏற்றது. எதிர்த்தரப்பு மேல்முறையீடு செய்தது. 2024இல் அதை விசாரித்த அமர்வு, சொல் இல்லாமல் பாட்டு ஏது, பாடலாசிரியரும் இப்படிக் கேட்டால் என்ன ஆகும் என்று கேட்டது. கேட்க வேண்டிய கேள்விதான். வாலியும் பஞ்சு அருணாசலமும் வைரமுத்துவும் கங்கை அமரனும் எழுதாமல் அந்த மெட்டுகள் நம் வாயில் ஏறியிருக்காது.

எனக்குச் சட்டத்தின் மேல் இருக்கிற கோபம் வேறு இடத்தில். 31சி என்று ஒரு பிரிவு. ஒரு பாட்டு பதிவாகி ஐந்து வருடம் ஆகிவிட்டால், முன்கூட்டித் தெரிவித்து, ராயல்டி கட்டி, யார் வேண்டுமானாலும் அதை மறுபடி பாடிப் பதிவு செய்யலாம். நிபந்தனை: தொழில்நுட்பத் தேவைக்கு மேல் சொல்லிலோ இசையிலோ எதையும் மாற்றக் கூடாது. அதாவது அப்படியே பிரதி எடுப்பவனுக்கு வழி திறந்திருக்கிறது. யோசித்து மாற்றுகிறவனுக்கு வழி அடைத்திருக்கிறது. சாரமதிக்கு மாற்றியதுபோல ஒரு காரியத்தை இன்று உயிரோடிருக்கும் ஒருவரின் பாட்டில் ஒரு இளைஞன் செய்ய நினைத்தால், சட்டம் அவனுக்குக் கொடுப்பது மூடிய கதவு. பகடிக்கும் நேரடியான விலக்கு கிடையாது. அமெரிக்க உச்சநீதிமன்றம் 1994இல் ஒரு ராப் குழு செய்த கேலிப்பாட்டு நியாயமான பயன்பாடாக முடியும் என்று சொன்னது. நமக்கு நெருக்கமான உதாரணம் மலைக்கு அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. தோப்பில் பாசியின் புகழ்பெற்ற கம்யூனிஸ்ட் நாடகத்தைக் கேள்வி கேட்டு, அதன் பாத்திரங்களையும் காட்சிகளையும் எடுத்தாண்டு சிவிக் சந்திரன் ஒரு எதிர்நாடகம் எழுதினார். 1996இல் கேரள உயர்நீதிமன்றம், விமர்சனத்துக்காக எடுத்தாண்டது நியாயமே என்று அதை மேடையேற விட்டது. பாவலர் இன்று ஒரு கட்சிக்காகச் சினிமா மெட்டில் பாடி இணையத்தில் போட்டால், இயந்திரம் மெட்டை அடையாளம் கண்டு சில நிமிடங்களில் முடக்கிவிடும். கேலிக்காகப் பாடியதா, களவா என்று அந்த இயந்திரத்துக்குத் தெரியாது.

சுருளிப்பட்டித் தோட்டங்களில் பந்தல்போட்டு விளைவது பன்னீர் திராட்சை. மஸ்கட் ஹாம்பர்க் என்ற ஐரோப்பிய ரகம் அது. இந்த மண்ணிலும் இந்தத் தண்ணீரிலும் வேறொரு குணம் பிடித்தது. 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தனி ஆள் யாருக்கும் சொந்தமாக இல்லாமல் ஒரு வட்டாரத்துக்கே சேர்ந்த பேர் அது, சட்டம் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் அதே தோட்டத்தில் கொத்து அறுத்துக்கொண்டே ஒரு பாட்டியம்மா பாடுகிற பாட்டுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. அதை ஒருவர் எடுத்து ஒலிப்பதிவு செய்தால், அந்தப் பதிவு அவருக்குச் சொந்தமாகிவிடும். அந்தப் பாட்டியம்மாவின் பேரன் தன் பாட்டியின் பாட்டைப் போட்டதற்கு உரிமைப் புகார் வரக்கூடிய காலம் இது.

வழி இல்லாமல் இல்லை. பாரதியின் பாட்டுகளை ஒரு காலத்தில் சினிமா நிறுவனம் தன் உரிமையாக வைத்திருந்தது. நாடகக்காரர்களும் எழுத்தாளர்களும் கேட்டார்கள், போராடினார்கள். 1949இல் சென்னை மாகாண அரசு உரிமையை ஏற்றது, குடும்பத்துக்குப் பணம் கொடுத்தது, பிறகு பாட்டுகள் எல்லாருக்கும் பொதுவாயின. ஆ. இரா. வேங்கடாசலபதி அந்தக் கதையை முழுதாக எழுதியிருக்கிறார். எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கி வாரிசுகளுக்குத் தொகை கொடுக்கிற பழக்கம் அங்கிருந்து தமிழ்நாட்டில் வேர்பிடித்தது. படைத்தவர் வீட்டுக்குக் காசு, படிப்பவருக்குச் சுதந்திரம் என்ற இந்த ஏற்பாட்டைச் செய்துகாட்டிய மாநிலம் இது. இதே யோசனை பாட்டுக்கும் வர வேண்டும். பெரிய படமும் பெரிய நிறுவனமும் எடுத்தாண்டால் நிர்ணயித்த தொகை இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் பாடகருக்கும் போகட்டும். பகடிக்கும், விமர்சனத்துக்கும், காசு பார்க்காத மறுஆக்கத்துக்கும் 52ஆவது பிரிவில் ஒரு வரி சேரட்டும். 31சியில் மாற்றக் கூடாது என்கிற நிபந்தனை போகட்டும், அதற்குப் பதிலாக மூலத்தைச் சொல்லியே ஆகவேண்டும் என்பது வரட்டும்.

சட்டம் மாறுகிறவரை நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. சுருளிப்பட்டியிலோ வேறு ஊரிலோ நடவுப் பாட்டோ தாலாட்டோ தெரிந்த ஒரு அம்மா பாடுவதைப் போனில் பதிவு செய்தால், கிராமியப் பாடல் என்று மட்டும் போட்டு முடித்துவிடாதீர்கள். அவரிடம் சம்மதம் கேட்டு, அவர் பேரையும் ஊரையும் யாரிடம் கற்றார் என்பதையும் எழுதுங்கள். அதை வைத்து உங்கள் பிள்ளைகள் கீபோர்டில் புதிதாக ஒன்று செய்தால் தாராளமாகச் செய்யட்டும். அவர்கள் போடுகிற தலைப்புக்குக் கீழேயும் அந்தப் பேர் இருக்க வேண்டும். அதில் காசு வந்தால் அந்த அம்மாவுக்கு உரிய பங்கைக் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள்.